கேட்டரிங் காலேஜில் பாதியில் காணாமல் போகிறவர்கள்

முதல் வருஷம் எங்களுக்கு இரண்டு செக்ஷன். மூன்றாம் வருஷம் தொடங்கியபோது இரண்டையும் ஒன்றாக்கி ஒரே வகுப்பில் உட்கார வைத்தார்கள், அப்போதும் பின் பெஞ்சுகள் காலியாகத்தான் கிடந்தன. போனவர்களைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. வருகைப் பதிவேட்டில் பெயரின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, "அவனுக்கு இந்த லைன் செட் ஆகல" என்று ஒரு வரி, அத்தோடு கதை முடிந்தது. பிறகு சில வருஷம் ஹோட்டல் கிச்சனில் வெந்து, அப்புறம் அதே மாதிரி ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கப் போனபோது அந்தச் சிவப்புக் கோட்டைப் போடும் வேலை எனக்கே வந்தது. ஒவ்வொரு கோடாகப் போடும்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. இவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காகப் போகவில்லை, ஒரே பக்கமாகவும் போகவில்லை.

ஒரு கூட்டம் இந்தத் தொழிலைக் கிட்டத்தில் பார்த்து மிரண்டு ஓடியது. இன்னொரு கூட்டம் தொழிலுக்குள்ளேயே ஓடிப்போனது, அதாவது படிப்பு முடியும் வரை காத்திருக்க வீட்டில் வசதியில்லை, வெளியே காசு கிடைக்கிறது, போய்விட்டார்கள். பதிவேட்டில் இரண்டும் ஒரே சிவப்புக் கோடு. 'இடைநிற்றல்' என்று அறிக்கையில் எழுதும்போதும் இரண்டும் ஒரே எண்தான். ஆனால் முதல் கூட்டத்துக்குக் கொடுக்கும் மருந்து இரண்டாம் கூட்டத்துக்கு ஆகாது, பல கல்லூரிகள் தடுமாறுவது இங்கேதான்.

மற்ற படிப்புகளில் இப்படி இல்லை. நர்சிங்கைப் பாதியில் விட்டவர் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது, மருந்தாளுநர் படிப்பைப் பாதியில் விட்டவரும் அப்படித்தான். அங்கே வாசலில் ஒரு கேட் இருக்கிறது, சான்றிதழ் இல்லாமல் திறக்காது. ஹோட்டல் தொழிலுக்கு அந்த கேட் கிடையாது. வெங்காயம் நறுக்கவும் பஃபேயில் நிற்கவும் எவனும் மார்க்‌ஷீட் கேட்பதில்லை. எண்பதுகளில் அகதிகளாக சுவிட்சர்லாந்துக்கும் ஜெர்மனிக்கும் போன ஈழத்தமிழர்களில் பலர் உணவகக் கிச்சன்களில்தான் முதலில் கால் ஊன்றினார்கள், காரணம் அதே கேட் இல்லாத வாசல்தான். அகதிக்கு வரமாக இருந்த அந்த வாசல், கல்லூரி மாணவனுக்கு வேறு மாதிரி வேலை செய்கிறது. உள்ளே இருப்பவனை வெளியே இழுக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தப் படிப்புக்கு எத்தனை வழி இருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். உச்சியில் சென்னை தரமணியில் இருக்கும் மத்திய அரசின் ஐ.எச்.எம். (ஹோட்டல் மேலாண்மைக் கல்வி நிறுவனம்), 1963-ல் தொடங்கியது. அதன் முழுப்பெயரில் இன்னும் 'அப்ளைடு நியூட்ரிஷன்' என்ற வால் ஒட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம், இந்த நிறுவனங்கள் ஆரம்பத்தில் சுற்றுலாத் துறையின் கீழ் இல்லை, உணவுத் துறையின் கீழ் இருந்தன. 1982-ல்தான் சுற்றுலா அமைச்சகத்துக்கு மாறி, தேசிய கவுன்சில் ஒன்றின் கீழ் வந்தன. மூன்று வருஷ பி.எஸ்சி.க்கு நாடு முழுவதும் நடக்கும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். திருச்சி துவாக்குடியில் மாநில அரசின் நிறுவனம் இருக்கிறது. கோவைப் பக்கம் கலை அறிவியல் கல்லூரிகளில் கேட்டரிங் சயின்ஸ் பட்டம், ஐ.டி.ஐ.களில் ஒரு வருஷ ஃபுட் புரொடக்‌ஷன், பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஒன்றரை வருஷ கிராஃப்ட் கோர்ஸ், இதற்கெல்லாம் கீழே ஊருக்கு நாலு தனியார் டிப்ளமோ. மாநில அரசு நிறுவனமான தாட்கோ, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியின மாணவர்களைத் தரமணியில் சேர்த்துப் படிப்புச் செலவை ஏற்கும் திட்டம் ஒன்றையும் நடத்துகிறது. 2009-10 வாக்கில் மத்திய சுற்றுலா அமைச்சகம் கொண்டுவந்த 'ஹுனர் சே ரோஸ்கார் தக்' திட்டத்தில் ஆறு முதல் எட்டு வாரத்தில் சமையலோ சர்வீஸோ கற்றுக்கொடுத்துவிடுவார்கள். எட்டு வாரப் படிப்பிலேயே ஆட்கள் பாதியில் போய்விடுவார்கள் என்ற பயம் அரசுக்கு இருந்திருக்கிறது, அதனால்தான் 90 சதவீதம் வருகை இருந்தால் உதவித்தொகை என்று கட்டிப்போட்டார்கள். எட்டு வாரத்துக்கே இந்தப் பாடு என்றால் மூன்று வருஷத்துக்கு என்ன செய்வது!

சரி, முதல் கூட்டத்திலிருந்து வருவோம். மிரண்டு ஓடுகிறவர்கள்.

இவர்களில் பெரும்பாலோர் முதல் செமஸ்டரிலேயே, அதுவும் ஆயுத பூஜை, தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போகும்போதே போய்விடுவார்கள். லீவு முடிந்து பஸ் ஏறவே மாட்டார்கள். இதற்கு விதை போடுவது அட்மிஷன் மேஜை. நோட்டீஸில் உயரமான வெள்ளைத் தொப்பி வைத்த செஃப் சிரிக்கிறார், பின்னால் ஒரு பெரிய கப்பல். தென் மாவட்டங்களில் 'கப்பல் வேலை' என்ற சொல்லுக்கு இருக்கும் மவுசு சாதாரணமானதல்ல, பக்கத்து ஊரில் ஒருவர் கப்பலுக்குப் போய் வீடு கட்டியிருப்பார், அந்த வீட்டைக் காட்டித்தான் சேர்ப்பார்கள். அந்த வீட்டைக் கட்டியவர் முதலில் சின்ன ஹோட்டலில் இரண்டு வருஷம் பாத்திரச் சூட்டில் நின்ற கதையை யாரும் சொல்வதில்லை. பையன் வருகிறான். செஃப் கோட், ஏப்ரன், கருப்பு ஷூ, கத்தி செட், சர்வீஸுக்குத் தனி யூனிஃபார்ம் என்று ஃபீஸ் கட்டிய கையோடு இன்னொரு செலவு. கோட்டை மாட்டி ஒரு செல்ஃபி. அதன்பின் வாரக்கணக்கில் வெங்காயமும் கேரட்டும் தீக்குச்சி அளவில் நறுக்குவது, தரை கழுவுவது, கண்ணாடி டம்ளரை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்துக் கறை பார்ப்பது.

இதில் வெளியே சொல்லத் தயங்கும் ஒரு விஷயம் இருக்கிறது. சர்வீஸ் வகுப்பில் சாப்பிட்ட தட்டுகளைக் கையில் அடுக்கி எடுக்கக் கற்றுக்கொடுப்போம், மூன்று தட்டு, நாலு தட்டு என்று அது ஒரு வித்தை. நமக்கு அது வித்தை. ஊரில் அதற்கு வேறு பெயர்: எச்சில் தட்டு எடுப்பது. குடும்பத்தில் முதல்முறையாகக் கல்லூரி வாசலை மிதித்தவன், அந்த வேலையை விட்டு மகன் வெளியே வரட்டும் என்பதற்காகவே கடன் வாங்கிச் சேர்த்த அப்பா, அவரிடம் போய் 'இன்னைக்கு பிளேட் கிளியரன்ஸ் கத்துக்கிட்டேன்' என்று அவன் எப்படிச் சொல்வான்? தட்டு எடுப்பதும் கக்கூஸ் கழுவுவதும் எந்தச் சாதியார் வேலை என்று இன்னும் கணக்கு வைத்திருக்கிற ஊரில், ஹவுஸ்கீப்பிங் பாடத்தின் முதல் பிராக்டிகல் பாத்ரூம் சுத்தம் செய்வதுதான். எந்தப் பாடத்திட்டத்திலும் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆசிரியர்கள் இதைத் 'தயக்கம்', 'ஷை டைப்' என்று குறித்துக்கொள்கிறார்கள். எனக்குத் தெரிந்து ஒரு சீனியர் ஆசிரியர் மட்டும் முதல் நாள் பிராக்டிகலில் பசங்களை நிற்க வைத்துவிட்டுத் தானே மண்டியிட்டு கமோடைக் கழுவிக் காட்டுவார், கோட்டும் டையும் போட்டபடி. ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர் வகுப்பில் லீவுக்குப் போய்த் திரும்பாதவர்கள் குறைவு என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம்.

அப்புறம் மொழி. தமிழ் வழியில் பன்னிரண்டாவது முடித்து வந்தவனுக்குப் புத்தகம் ஆங்கிலத்தில், புத்தகத்துக்குள் இருப்பதோ பிரெஞ்சு. பெஷமெல், வெலூதே, எஸ்பன்யோல், ஹாலண்டேஸ் என்று அடிப்படை சாஸ்களை எழுத்துப் பிசகாமல் எழுத வேண்டும். வெண்ணெயில் மைதாவை வறுத்துக் குழம்பைக் கெட்டியாக்குவதற்கு 'ரூ' என்று பெயர், அதை எழுதும்போது கடைசியில் ஓர் எழுத்து வரும், உச்சரிக்கும்போது வராது. வற்றல் குழம்பை எண்ணெய் பிரிகிற பதத்தில் இறக்கத் தெரிந்த பையன் இந்த 'ரூ'வில் அரியர் வைக்கிறான். ஒரு அரியர் இரண்டாகி, இரண்டு ஐந்தாகி, ஒரு கட்டத்தில் எண்ணுவதையே விட்டுவிடுகிறான், காலேஜ் அவனைத் துரத்துவதற்கு முன்பே அவன் மனசுக்குள் டி.சி. வாங்கிவிடுகிறான். தியரியைத் தமிழில் எழுத விட்டால் பாதிப் பேர் பிழைப்பார்கள் என்பது என் கருத்து. சக ஆசிரியர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஹோட்டலில் ஆங்கிலம் இல்லாமல் எப்படி என்பார்கள். ஆங்கிலம் வேண்டும்தான், ஆனால் கெஸ்டிடம் பேசும் ஆங்கிலம் வேறு, பதினைந்து மார்க் கட்டுரை எழுதும் ஆங்கிலம் வேறு.

இரண்டாம் கூட்டத்தைப் புரிந்துகொள்ள பஞ்சாங்கம் பார்க்க வேண்டும். நிஜமாகவே. ஆடியிலும் மார்கழியிலும் எங்கள் வகுப்பு நிரம்பி வழியும். தை பிறந்தால் வழி பிறக்குமோ இல்லையோ, பெஞ்ச் காலியாகும். காரணம் ஓ.டி.சி., அதாவது அவுட்டோர் கேட்டரிங். கல்யாண மண்டபங்களுக்கும் ரிசப்ஷன்களுக்கும் வெளி கேட்டரிங் எடுக்கும் கான்ட்ராக்டர்களுக்கு முகூர்த்த நாளில் முப்பது, நாற்பது பசங்க வேண்டும், கருப்பு பேண்ட் வெள்ளைச் சட்டையோடு, ஷூவோடு, தட்டு பிடிக்கத் தெரிந்தவர்களாக. அப்படிப்பட்ட பசங்க மொத்தமாகக் கிடைக்கும் ஒரே இடம் கேட்டரிங் காலேஜ் ஹாஸ்டல். சீனியர் ஒருவன் தரகராக இருப்பான், தலைக்கு இவ்வளவு கமிஷன் என்று. பல கல்லூரிகள் தாங்களே வண்டி வைத்து அனுப்புவதும் உண்டு, பிராக்டிகல் அனுபவம் என்று அதற்குப் பெயர். ராத்திரி வேலை முடிந்ததும் கையில் காசு, வயிற்றில் பிரியாணி. அடுத்த தவணை ஃபீஸை இந்தக் காசில் கட்டுகிறவர்கள் பலர், அப்படிக் கட்டிப் படித்து முடித்தவர்களில் நானும் ஒருவன், அதனால் ஓ.டி.சி.யைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு ரூமுக்கு வந்தவன் காலை ஒன்பது மணி வகுப்புக்கு எப்படி வருவான்? வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போகிறது, தேர்வு எழுத விடமாட்டார்கள் என்கிற நிலை வருகிறது, கான்ட்ராக்டர் அவனை 'கேப்டன்' ஆக்கி இருபது பசங்களை மேய்க்கச் சொல்கிறார், சம்பளம் ஏறுகிறது. இந்த இடத்தில் அவன் படிப்பை விடுவது சோம்பேறித்தனம் இல்லை. அவன் போட்ட கணக்கு சரியான கணக்கு. மூன்று வருஷம் படித்துவிட்டு ஹோட்டலில் டிரெயினியாகவோ காமி என்கிற கடைநிலைச் சமையல்காரனாகவோ சேரும்போது கிடைக்கப்போகும் சம்பளத்தை விட இன்றைக்குக் கிடைப்பது அதிகம் என்றால், நாளைக்கு என்ற சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு இருக்கும்?

இரண்டு கூட்டமும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. இண்டஸ்ட்ரியல் டிரெயினிங். எங்கள் பாஷையில் ஐ.டி., மென்பொருள் ஐ.டி. அல்ல. ஐ.எச்.எம். பாடத்திட்டத்தில் இரண்டாம் வருஷத்தில் ஒரு செமஸ்டர் முழுக்க ஏதாவது ஒரு ஹோட்டலில் வேலை செய்ய வேண்டும், பாதி வகுப்பு மூன்றாம் செமஸ்டரில் போகும், மீதி நாலாம் செமஸ்டரில். கிச்சன், சர்வீஸ், ஃப்ரண்ட் ஆபீஸ், ஹவுஸ்கீப்பிங் என நாலு துறையிலும் மாறி மாறி இருக்க வேண்டும் என்பது ஏட்டில். நடப்பில், பேன்க்வெட்டில், அதாவது விருந்துக் கூடத்தில், ஆள் பற்றாக்குறை என்றால் வந்த டிரெயினி அத்தனை பேரும் அங்கேதான். ஃப்ரண்ட் ஆபீஸை எட்டிப் பார்க்காமலே லாக் புக்கில் அதற்கான பக்கங்கள் நிரம்பிவிடும், கடைசி ராத்திரி ஒருவன் எழுத மற்றவர்கள் பார்த்து எழுதுவார்கள். அதில் கையெழுத்துப் போடும் டிபார்ட்மென்ட் ஹெட்டுக்கும் தெரியும், திருத்தும் எனக்கும் தெரியும்.

நான் டிரெயினியாகப் போன ஹோட்டலின் பெயர் வேண்டாம். முதல் மூன்று வாரம் ஃபோர்க்கும் ஸ்பூனும் துடைத்தேன். சுடுதண்ணீரில் வினிகர் ஊற்றி, அதில் முக்கி, துணியால் துடைத்து, பெட்டியில் அடுக்கி, மறுபடி. பிரேக் ஷிஃப்ட் போடுவார்கள், அதாவது காலையில் வந்து மத்தியானம் மூன்று மணி வரை, பிறகு ஏழு மணிக்கு வந்து ராத்திரி பதினொன்றைத் தாண்டி. நடுவில் கிடைக்கும் நாலு மணி நேரத்தில் ரூமுக்குப் போய் வர இரண்டு மணி நேரம் பஸ்ஸிலேயே போய்விடும், அதனால் லாக்கர் ரூம் தரையில் அட்டையை விரித்துத் தூங்குவோம். சம்பளம் கிடையாது, ஸ்டைபண்ட் என்று ஒன்று தருவார்கள், ரூம் வாடகையில் என் பங்குக்கே அது காணவில்லை. பெயர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை, "டேய் டிரெயினி" தான். என்னோடு சேர்ந்த இருவர் ஒரு மாதத்துக்குள் டைம் ஆபீஸில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நானும் போக இருந்தேன். ஒரு நாள் ஸ்டாஃப் கேன்டீன் குக் லீவு, கிச்சனில் ஒரு பிரிவைப் பார்த்துக்கொள்ளும் செஃப், எங்கள் பாஷையில் சி.டி.பி., என்னைக் கூப்பிட்டு இருநூறு பேருக்கு சாம்பார் வைக்கச் சொன்னார். பயந்துகொண்டே வைத்தேன். மத்தியானம் அவர் அந்தச் சாம்பாரை ஊற்றிக்கொண்டு எனக்கு எதிரே வந்து உட்கார்ந்து, "புளி கொஞ்சம் தூக்கல், மத்தபடி ஓகே தம்பி, உம் பேரென்ன?" என்றார். அவ்வளவுதான் நடந்தது. நான் அந்த டிரெயினிங்கை முடித்ததற்கு வேறு காரணம் எதையும் என்னால் சொல்ல முடியாது.

ஹோட்டல் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. டிரெயினி மலிவான கை, சில இடங்களில் இலவசக் கை. ஒரு பேட்ச் போனால் அடுத்த பேட்ச் வரும் என்பதால் இருக்கிறவனைத் தக்க வைக்க யாருக்கும் அவசரமில்லை. 1961-ன் அப்ரண்டிஸ் சட்டத்தில் பதிவு செய்த ஒப்பந்தப் பயிற்சியாளருக்கு 2019 விதித் திருத்தத்தின்படி படிப்புக்கு ஏற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்ச உதவித்தொகை இருந்தது, 2016-ல் வந்த தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் அதில் கால்வாசியை, அதிகபட்சம் 1,500 ரூபாயை, மத்திய அரசே ஏற்கிறது. ஆனால் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாக, கல்லூரி கடிதத்தோடு போகும் மாணவனுக்கு அப்படி ஒப்பந்தம் எதுவும் போடுவதில்லை, எனவே அந்தத் தொகை அவன் காதில் கூட விழாது. ஒரே கிச்சனில் ஒரே வெங்காயத்தை நறுக்கும் இருவரில் ஒருவனுக்குச் சட்டம் இருக்கிறது, ஒருவனுக்கு லெட்டர் இருக்கிறது.

டிரெயினிங் முடிந்து திரும்பும்போது வகுப்பு இரண்டாகப் பிளந்திருக்கும். ஒரு பக்கம், இந்தத் தொழிலே வேண்டாம் என்று முடிவு செய்து டெலிவரி வேலைக்கோ துணிக்கடைக்கோ போய்விட்டவர்கள். இன்னொரு பக்கம், "எதுக்குடா திரும்பிப் போற, இங்கேயே சேர்ந்துக்கோ" என்று ஹோட்டலே பிடித்து வைத்துக்கொண்டவர்கள். வெறுத்தவனும் போய்விட்டான், விரும்பியவனும் போய்விட்டான். நடுவில் இருக்கிறவர்களை வைத்துத்தான் மூன்றாம் வருஷம் நடத்துகிறோம்.

பெண்கள் விஷயம் தனி. வகுப்பில் ஏற்கெனவே குறைவு, டிரெயினிங் வரும்போது இன்னும் குறையும். ராத்திரி பதினொன்றரைக்கு ஷிஃப்ட் முடித்துவிட்டு அவள் எங்கே போவாள் என்ற கேள்விக்குப் பதில் இல்லாததால்தான் பாதி அப்பாக்கள் கூட்டிக்கொண்டு போகிறார்கள், சமையல் பிடிக்காததால் இல்லை. 2013-ல் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் டிரெயினியையும் அப்ரண்டிஸையும் ஊழியராகவே கணக்கில் எடுக்கிறது, பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். டிரெயினிங் அனுப்பும் முன் நடத்தும் ஓரியண்டேஷனில் டை கட்டுவது எப்படி என்று ஒரு மணி நேரம் சொல்கிறோம், இந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள், எந்த நம்பருக்குப் பேசலாம் என்று ஐந்து நிமிஷம் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப்புதல்வன். படிப்பு தொடர்ந்தால்தான் பணம் என்பதால் இழுத்துப் பிடிக்கும் சக்தி அதற்கு உண்டு, ஆனால் ஒரு முகூர்த்த வாரத்தின் ஓ.டி.சி. வருமானத்தோடு அது போட்டி போட முடியாது.

நம் ஊரில் இந்தப் படிப்பை மட்டும் பிரித்து எத்தனை பேர் விட்டார்கள் என்று யாரும் வருஷா வருஷம் எண்ணி வெளியிடுவதில்லை. எண்ணும் ஊர் ஒன்று இருக்கிறது, ஜெர்மனி. அங்கே சமையல்காரராக மூன்று வருஷப் பயிற்சி. வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளி, மற்ற நாள் உணவகத்தில் வேலை. சேரும்போதே முதலாளியோடு எழுத்தில் ஒப்பந்தம். அந்த ஒப்பந்தங்களில் எத்தனை பாதியில் முறிகின்றன என்பதை அரசின் தொழிற்கல்வி ஆய்வு நிறுவனம் தொழில்வாரியாக வெளியிடுகிறது. எல்லாத் தொழில்களையும் சேர்த்தால் 2022-ல் நூற்றுக்குக் கிட்டத்தட்ட முப்பது முறிந்தன. சமையல்காரர், உணவக சர்வீஸ் என்று வரும்போது ஏறக்குறைய பாதி. ஜெர்மனி என்றால் எல்லாம் கடிகாரம் போல ஓடும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். சட்டம் இருக்கிறது, பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவருக்கு வாரம் நாற்பது மணி நேரம்தான், உணவகத்திலும் ராத்திரி பத்து மணிக்கு மேல் நிற்க வைக்கக் கூடாது. அப்படியிருந்தும் பாதி. தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஆண்டுதோறும் பயிற்சி மாணவர்களிடம் நடத்தும் கணக்கெடுப்பில் சமையலும் ஹோட்டலும் வழக்கமாகக் கடைசி வரிசையில்தான் வரும், காரணமும் நமக்குப் பழகியதுதான், ஓவர்டைம், கத்தல், கற்றுக்கொடுக்க ஆளில்லாமை.

ஆனால் எண்ணுவதால் அவர்களுக்கு ஒன்று தெரிந்தது. ஒப்பந்தம் முறிந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் படிப்பையே விட்டவர்கள் இல்லை, வேறு ஹோட்டலிலோ வேறு தொழிலிலோ புதிய ஒப்பந்தம் போட்டுத் தொடர்கிறார்கள். முதலாளி சரியில்லை என்றால் முதலாளியை மட்டும் மாற்றலாம், படிப்பு அப்படியே இருக்கும். நம்மிடம் இந்த வசதி இல்லவே இல்லை. டிரெயினிங் ஹோட்டலில் ஒருவன் அடிவாங்கினால் அவனுக்கு இரண்டே வழி, பல்லைக் கடித்துக்கொள், அல்லது செமஸ்டரை இழ. நடுவில் ஹோட்டலை மாற்றிக்கொடுங்கள் என்று கேட்டவனுக்கு, "அப்புறம் அடுத்த வருஷம் அந்த ஹோட்டல் நம்ம பசங்களை எடுக்க மாட்டான்" என்ற பதிலைக் கொடுத்த பாவத்தில் எனக்கும் பங்குண்டு.

அவர்கள் செய்த வேறு சில காரியங்களும் கவனிக்க வேண்டியவை. 2020 முதல் பயிற்சி மாணவர்களுக்குச் சட்டப்படி குறைந்தபட்ச ஊதியம், முதல் வருஷத்துக்கு 515 யூரோவில் தொடங்கி ஆண்டுதோறும் ஏறுகிறது. 2022 ஆகஸ்டில் ஹோட்டல், உணவகப் பயிற்சிகளை மொத்தமாகத் திருத்தி எழுதியபோது, சமையலுக்கு இரண்டு வருஷத்தில் முடிக்கும் ஒரு படிப்பையும் சேர்த்தார்கள், மூன்று வருஷம் தாங்காதவன் கையில் ஒரு முழுச் சான்றிதழோடு போகலாம், பிறகு தோன்றினால் மேலே தொடரலாம். 2008 முதல் ஒரு திட்டம் நடக்கிறது: ஓய்வு பெற்ற தொழில் நிபுணர்கள், தடுமாறும் பயிற்சி மாணவர் ஒருவருக்கு ஒருவர் என்று துணையாக இருப்பார்கள், இலவசமாக. முதலாளியின் ஆளும் இல்லை, பள்ளியின் ஆளும் இல்லை என்பதுதான் அதன் பலம். இப்போது தமிழ்நாட்டிலிருந்தும் 'ஆவுஸ்பில்டுங்' (இந்தத் தொழிற்பயிற்சிக்கு ஜெர்மன் பெயர்) என்று சொல்லி ஏஜென்ட் மூலம் ஜெர்மன் ஹோட்டல்களுக்குப் பசங்க போகிறார்கள். போகிறவர்கள் பி1 என்கிற இடைநிலை அளவு ஜெர்மன் மொழியோடு இந்தக் 'கிட்டத்தட்டப் பாதி' என்ற எண்ணையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது, ஒப்பந்தம் முறிந்தால் வேறு இடம் தேடிக்கொள்ள ஆறு மாதம் வரை அவகாசம் உண்டு என்பதையும்.

நம் ஊருக்கு வருவோம். 2020 தேசியக் கல்விக் கொள்கை சொல்லும் 'ஒரு வருஷத்தில் போனால் சான்றிதழ், இரண்டில் போனால் டிப்ளமோ, மூன்றில் பட்டம்' என்ற ஏற்பாட்டைத் தமிழ்நாடு அரசு எதிர்க்கிறது, இடைநிற்றலுக்கு ரிப்பன் கட்டி விடுவதாகும் என்பது வாதம். பொதுவான பட்டப்படிப்புக்கு அந்த பயம் நியாயமானது, ஏழை வீட்டுப் பிள்ளைதான் முதல் வாசலிலேயே இறங்குவான். ஆனால் கேட்டரிங்கில் அவன் ஏற்கெனவே இறங்கிக்கொண்டுதான் இருக்கிறான், வெறுங்கையோடு. இரண்டு வருஷம் படித்தவனிடம் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்‌ஷீட்டைத் தவிர காகிதம் இல்லை. அதனால் இந்த ஒரு துறையிலாவது படிக்கட்டு வேண்டும் என்று நினைக்கிறேன், கூடவே திரும்பி ஏறும் படியும் கண்டிப்பாக வேண்டும். வேலையில் கற்றதைத் தேர்வு வைத்து அங்கீகரிக்கும் முறை மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் இருக்கிறது, கல்லூரிகள் தங்கள் சிவப்புக் கோடு பட்டியலை எடுத்து அவர்களைக் கூப்பிட்டு அதில் உட்கார வைக்கலாம், யாரும் செய்வதில்லை.

கல்லூரியே செய்யக்கூடியது சிலது, பெரிய காசு ஆகாதது. ஃபீஸ் வாங்கும் முன் பையனையும் அம்மா அப்பாவையும் ஒரு ஹோட்டல் பின்வாசலுக்கு ராத்திரி பத்து மணிக்குக் கூட்டிப் போய்க் காட்டுங்கள், சேர்பவர் எண்ணிக்கை குறையும், சேர்ந்தவர் நிற்பார். நிர்வாகத்துக்கு இது பிடிக்காது என்று தெரியும், சீட் காலியாக இருக்கும்போது எவர் வாசலில் நின்று பயமுறுத்துவார். முகூர்த்த நாள்களை ஒளித்து வைத்து விளையாடுவதை விட்டுவிட்டு, கால அட்டவணையையே பஞ்சாங்கத்தோடு சேர்த்துப் போடலாம், பெரிய முகூர்த்தத்துக்கு மறுநாள் காலை வகுப்பு பதினோரு மணிக்கு, அந்த ஓ.டி.சி.க்குக் கான்ட்ராக்டர் கையெழுத்திட்ட குறிப்பு இருந்தால் பிராக்டிகல் மணி நேரத்தில் வரவு. ஆடியிலும் மார்கழியிலும் தியரியை அடித்து முடித்துவிடலாம். டிரெயினிங்குக்கு ஆசிரியர் போய்ப் பார்ப்பது கடைசி வாரத்தில் கேக் வெட்டும் சடங்காக இருக்கிறது, இரண்டாவது வாரத்தில் போக வேண்டும், லாக்கர் ரூமில் அட்டை விரித்துத் தூங்குகிறானா என்று பார்க்க. மாறி மாறி நாலு துறை என்பதைத் தேதி போட்டு ஹோட்டலிடம் எழுதி வாங்க வேண்டும். அப்புறம், ஒருவன் மூன்று நாள் வரவில்லை என்றால் அன்றைக்கே யாராவது போன் செய்ய வேண்டும், ஃபீஸ் பாக்கியைக் கேட்க இல்லாமல். ஒருமுறை நான் அப்படிச் செய்தபோது எடுத்த பையன் ஒரு நிமிஷம் பேசவே இல்லை, காலேஜிலிருந்து போன் வந்தால் பணத்துக்குத்தான் என்று பழகியவன்.

போன தை மாதம் ஒரு அழைப்பு வந்தது. நான் ஆசிரியராக இருந்த முதல் வருஷத்தில், என் கையால் சிவப்புக் கோடு போட்ட பையன். இரண்டாம் வருஷத்தில் டிரெயினிங்கிலிருந்து திரும்பவில்லை. இப்போது அவனே கான்ட்ராக்டர், மூன்று மண்டபங்களுக்கு நிரந்தரமாகச் செய்கிறான், வேன் வாங்கியிருக்கிறான். நலம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தான். "சார், வர்ற ஞாயித்துக்கிழமை பெரிய முகூர்த்தம். நம்ம காலேஜ் பசங்க ஒரு இருபது பேர் கிடைப்பாங்களா?"

திங்கட்கிழமை காலையில் அவர்களுக்கு பிராக்டிகல் எக்ஸாம் இருக்கிறதப்பா என்றேன்.

"பதினோரு மணிக்கெல்லாம் வேன்ல ஏத்தி நானே கொண்டாந்து விட்டுடறேன் சார்" என்றான்.